குளியலறைக் கண்ணாடி விளக்கும் பிளக் பாயிண்டும்: நாமே மாட்டலாம்

ஏற்கெனவே பாயிண்ட் இருக்கும் இடத்தில் கண்ணாடி விளக்கை மாட்டுவதும், பழைய சாக்கெட்டைக் கழற்றிப் புதிது போடுவதும் புதியவர்களால் செய்ய முடிந்த வேலைதான். சுவரை உடைத்துப் புது வயர் இழுப்பதாக இருந்தால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

முதலில் மீட்டர் பெட்டியைத் திறந்து, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் ஆள் வழியாகவோ எர்த் வழியாகவோ கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. எம்.சி.பி. காப்பது வயரை, 10 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 10 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது விழும் (தானே அணையும்). ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஈரம் பட்ட தோலில் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் குளியலறையில் ஆபத்து இன்னும் கூடுதல். ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதைப் போட்ட பிறகு இந்த வேலைக்கு வாருங்கள்.

விளக்கு வாங்கும்போது ஐ.பி.44 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். சாக்கெட், ஷவரிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளி இருக்கவேண்டும். சில நாடுகளில் 2.5 மீட்டர் கேட்கிறார்கள். உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மின்சாரத்தை நிறுத்துவது. இதில் அவசரமே கூடாது. குளியலறை எம்.சி.பி.யை மட்டும் முதலில் அணையுங்கள். மல்டிமீட்டரை (மின்சாரம் அளக்கும் கருவி) ஏ.சி. வோல்ட்டில் வைத்து, மின்சாரம் இருக்கும் வேறு அறை சாக்கெட்டில் சோதியுங்கள். 230-ஐ ஒட்டிக் காட்டினால் மீட்டர் சரி. அப்புறம் குளியலறை பாயிண்டில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என மூன்று ஜோடியையும் பாருங்கள். சுவர் ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கட்டும்! ஸ்விட்ச் ஆஃபில் இருந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும், எம்.சி.பி. மாறி அணைத்திருந்தாலும் தெரியாது. மூன்றிலும் பூஜ்யம் வந்ததும் மறுபடி மற்ற அறைக்குப் போய் மீட்டர் வேலை செய்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கடைசியாக மெயினையும் அணைத்து, அதன்மேல் "வேலை நடக்கிறது, போடாதீர்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். பகல் வெளிச்சத்திலேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதைக் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். முன்பு செய்தவர் மாற்றிக் கொடுத்திருக்கலாம்.

டைல்ஸில் துளை போடும்போது மேலே டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லில் ஹேமர் மோட் (தட்டித் துளைக்கும் முறை) வேண்டாம். பாயிண்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள். உள்ளே வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும்.

இணைக்கும்போது எர்த்திலிருந்து தொடங்குங்கள். அதை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். விளக்கு பிடுங்கிக்கொண்டு வந்தாலும் எர்த் கடைசியாகத்தான் அறும். சுமார் 8 மி.மீ. தோல் சீவி, இழைகளை முறுக்கி டெர்மினலில் நுழைத்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும். செம்பு வெளியே தெரியக்கூடாது. சாக்கெட்டும் இதே மாதிரிதான். பின்பக்கம் எல் (ஃபேஸ்), என் (நியூட்ரல்), எர்த் குறிகள் இருக்கும், அதன்படி கொடுங்கள்.

விளக்கின் மேல்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் சிலிக்கான் பூசுங்கள். கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும், உள்ளே போன ஈரம் வடியவேண்டும்.

மெயினைப் போட்டு, எம்.சி.பி.யைப் போட்டு, விளக்கு எரிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழவேண்டும். விழவில்லையா? அதை மாற்றும்வரை அந்த எம்.சி.பி. அணைந்தே இருக்கட்டும்.