வாக்கியத்தைத் திருப்பிப் போடுவதற்கு முன்னால் அதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்

வேலை கேட்டு நான் எழுதிய முதல் கடிதத்தில் ‘ஐ ஆம் டூ ஹேப்பி டு ஜாயின் யுவர் ஸ்கூல்’ என்று எழுதியிருந்தேன். ரொம்பச் சந்தோஷமாகச் சேர்ந்துகொள்கிறேன் என்று சொன்னதாக நினைப்பு. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்ப நீ சேரமாட்டியாம்மா?” என்று கேட்டார். ‘டூ’ என்றால் அளவுக்கு மீறி. பின்னால் ‘டு’ வந்தால் காரியம் நடக்காது என்று அர்த்தம். வந்து சேர முடியாத அளவுக்குச் சந்தோஷம் என்று கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன்! (முன்னால் ஒரு ‘ஒன்லி’ சேர்த்திருந்தால் தப்பித்திருப்பேன், ‘ஒன்லி டூ ஹேப்பி’ என்றால் மிக்க மகிழ்ச்சி.) வேலை கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை.

இப்போது சாயங்காலம் மொட்டை மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அர்த்தம் மாறாமல் வாக்கியத்தை வேறு இலக்கணத்தில் எழுதும் பகுதி வந்தாலே பிள்ளைகள் சூத்திரம் கேட்கிறார்கள். ‘டூ’வை எடு, ‘ஸோ’ போடு. ‘டு’வை எடு, ‘தட்’ போடு. அப்படி மாற்றி ஒரு பெண் எழுதியதைப் பாருங்கள். கேள்வி: ‘த பாக்ஸ் வாஸ் டூ ஹெவி ஃபார் மீ டு லிஃப்ட்.’ அவள் விடை: ‘த பாக்ஸ் வாஸ் ஸோ ஹெவி தட் ஐ லிஃப்ட்.’ பெட்டி கனமாக இருந்தது, அதனால் தூக்குகிறேன் என்று ஆகிவிட்டது.

நான் சொல்லித்தரும் வழி இதுதான். ஆங்கில வாக்கியத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். அது சொன்ன செய்தியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். யார், என்ன செய்தார், அது நடந்ததா நடக்கவில்லையா, எப்போது. ‘பெட்டி அவ்வளவு கனம், என்னால் தூக்க முடியவில்லை.’ இப்போது கையை எடுத்துவிட்டு எழுதினால் ‘ஸோ ஹெவி தட் ஐ குட் நாட் லிஃப்ட் இட்’ என்று வரும். ‘டூ’வுக்குள் ஒளிந்திருந்த ‘நாட்’ வெளியே வந்துவிட்டது. நடந்து முடிந்த கதை என்பதால் ‘கேன்’ இல்லை, ‘குட்’. கடைசியில் ஒரு ‘இட்’ கூடியிருக்கிறது, அதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். தமிழில் ‘தூக்க முடியவில்லை’ என்றாலே எதை என்று புரிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘தட்’டுக்குப் பின்னால் புது வாக்கியம் தொடங்குவதால் எதைத் தூக்கினோம் என்று மறுபடி சொல்லியாக வேண்டும். எழுதி முடித்ததும் புது வாக்கியத்தையும் தமிழில் சொல்லுங்கள். இரண்டு தமிழும் ஒத்துப்போனால் சரி.

‘அன்லெஸ்’ஸும் இதே ஜாதி. ‘இஃப் யூ டு நாட் ரன்’ என்பதை மாற்றச் சொன்னால் ‘அன்லெஸ் யூ டு நாட் ரன்’ என்று எழுதுவார்கள். ‘ஓடாவிட்டால்’ என்பதில் இருக்கும் ‘ஆவிட்டால்’தான் ‘அன்லெஸ்’. இல்லையை அதுவே சுமக்கிறது, இன்னொரு ‘நாட்’ எதற்கு? ‘அன்லெஸ் யூ ரன்’ போதும்.

சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்றதும் பிள்ளைகள் முகம் தொங்கிவிடுகிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் பயமே வேண்டாம். ஒரே ஒரு வினைமுற்று இருந்தால் சிம்பிள், தனித்து நிற்கும் இரண்டு வாக்கியத்தை ‘பட்’ மாதிரி ஒரு சொல் இணைத்தால் காம்பவுண்ட், ஒன்று இன்னொன்றைச் சார்ந்து நின்றால் காம்ப்ளெக்ஸ், அவ்வளவுதான். தமிழ் எத்தனை வேலையையும் எச்சமாக்கி ஒரு வினைமுற்றில் முடிக்கும் மொழி. ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்’ என்று நாள் முழுக்க சிம்பிள் வாக்கியம் பேசுகிறவர்கள் நாம். அதனால் முதலில் தமிழ் விகுதியைப் பிடியுங்கள். ‘பெய்தும்’ என்பதில் உள்ள ‘உம்’ ஆங்கிலத்தில் ‘இன் ஸ்பைட் ஆஃப்’. ‘பெய்ததால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ ‘பிகாஸ் ஆஃப்’. ‘சொல்லாமல் போனான்’ என்பதில் உள்ள ‘ஆமல்’ ‘வித்தவுட்’, அதாவது ‘வித்தவுட் டெல்லிங்’. ‘தோ இட் ரெயின்ட், தே ப்ளேய்ட்’ என்ற காம்ப்ளெக்ஸைத் தமிழில் சொன்னால் ‘மழை பெய்தும் விளையாடினார்கள்’. ‘உம்’ கிடைத்துவிட்டது. ‘இன் ஸ்பைட் ஆஃப் த ரெயின், தே ப்ளேய்ட்.’ காம்பவுண்டாக வேண்டுமென்றால் ‘இட் ரெயின்ட், பட் தே ப்ளேய்ட்.’ ‘தோ’ போட்ட வாக்கியத்தில் ‘பட்’டும் போடாதீர்கள், ஒரு மூட்டைக்கு ஒரு முடிச்சு.

‘இன் ஸ்பைட் ஆஃப்’, ‘பிகாஸ் ஆஃப்’ இரண்டுக்கும் பின்னால் பெயர்ச்சொல்தான் நிற்கும். ‘பூர்’ என்பது ‘பாவர்ட்டி’ ஆக வேண்டும், ‘ஹானஸ்ட்’ என்பது ‘ஹானஸ்டி’. பரீட்சை அவசரத்தில் அந்தச் சொல் ஞாபகம் வராவிட்டால் ‘பீயிங்’ கைகொடுக்கும்: ‘இன் ஸ்பைட் ஆஃப் பீயிங் பூர்’.

அப்புறம் ‘இங்’ போட்டுத் தொடங்கும் வாக்கியம். இதில் நம் காது பெரிய உதவி. போன வாரம் ஒரு பையன் எழுதினான்: ‘வாக்கிங் டு த பஸ் ஸ்டாண்ட், த ரெயின் ஸ்டார்ட்டட்.’ சரியாகத்தான் இருக்கிறது என்று சாதித்தான். அப்படியே தமிழில் படி என்றேன். “பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து மழை ஆரம்பித்தது.” பின்வரிசையில் ஒருத்தி, “மழைக்கு எந்த ஊர் பஸ் மிஸ்?” என்றாள். ‘நடந்து’ என்ற எச்சமும் கடைசி வினைமுற்றும் பெரும்பாலும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் என்று தமிழ் எதிர்பார்க்கிறது. ஆங்கில ‘இங்’கும் அதையே எதிர்பார்க்கிறது. ஆள் மாறினால் ‘ஆஸ் ஐ வாஸ் வாக்கிங்’ என்று ஆளைச் சொல்லிவிடுங்கள். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்கிறோமே என்று கேட்பீர்கள். அங்கே இரண்டு ஆளையும் பெயர் சொல்லிவிட்டோம். ஆங்கிலத்திலும் ‘த பெல் ஹேவிங் ரங், வி ரேன் அவுட்’ என்று மணியைச் சொல்லிவிட்டால் தப்பில்லை.

ஒரே மாதிரி தெரிந்து அர்த்தத்தைக் கவிழ்க்கும் ஜோடி ஒன்று உண்டு. ‘ஹி ஸ்டடீட் ஹார்ட் டு பாஸ்.’ இதை ‘ஹி ஸ்டடீட் ஸோ ஹார்ட் தட் ஹி பாஸ்ட்’ என்று மாற்றினால் இலக்கணத்தில் குறையே இல்லை. ஆனால் முதல் வாக்கியத்தில் பையன் பாஸ் ஆவதற்காகப் படித்தான், ரிசல்ட் நமக்குத் தெரியாது. இரண்டாவதில் நீங்களே பாஸ் போட்டுவிட்டீர்கள். ‘ஸோ’வும் ‘தட்’டும் ஒட்டி நின்றால் நோக்கம்: ‘ஹார்ட் ஸோ தட் ஹி குட் பாஸ்’. நடுவில் ‘ஹார்ட்’ புகுந்து பிரித்துவிட்டால் விளைவு.

டிகிரி, அதாவது ‘பிக், பிக்கர், பிக்கஸ்ட்’ என்ற ஒப்பீட்டை மாற்றும்போது ‘அதர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘சென்னை இஸ் த பிக்கஸ்ட் சிட்டி இன் தமிழ்நாடு’ என்பது ‘பிக்கர் தேன் எனி அதர் சிட்டி இன் தமிழ்நாடு’ ஆகும். ‘அதர்’ இல்லாவிட்டால் சென்னை தன்னைவிடவும் பெரிது என்று வந்துவிடும். கேரளத்து நகரங்களோடு ஒப்பிட்டால் ‘அதர்’ வேண்டாம், சென்னை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பேசிவ் வாய்ஸில், அதாவது செயப்பாட்டு வினையில், ஒன்றே ஒன்று. ‘ஹி இஸ் ரிப்பேரிங் த ஃபேன்’ என்பது ‘த ஃபேன் இஸ் பீயிங் ரிப்பேர்ட்’. ‘பீயிங்’கை விட்டால் வேலை முடிந்து ஃபேன் ஓடுகிறது என்றாகும். நம்மூரில் ஃபேன் ரிப்பேர் என்றால் ஓடாத ஃபேன். அந்தக் குழப்பம் வேறு.

தமிழே கைவிடும் இடங்களும் உண்டு. ‘நாளைக்கு வருகிறேன் என்று சொன்னாள்’ என்று சொன்னதைச் சொன்னபடியே நாம் ஒப்பிக்கிறோம். ஆங்கிலம் அதை ‘ஷி செட் தட் ஷி வுட் கம் த நெக்ஸ்ட் டே’ என்று ஆளையும் காலத்தையும் நாளையும் மாற்றும். அங்கே விதியைத்தான் படிக்க வேண்டும். இன்னொன்று, ‘ஆல் த பாய்ஸ் டிட் நாட் கம்’. ஒருவருமே வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? ‘எல்லாப் பையன்களும் வரவில்லை’ என்ற தமிழும் அதே ஆட்டம்தான் ஆடுகிறது. யாராவது வந்தார்களா என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள். வந்தார்கள் என்றால் ‘நாட் ஆல் த பாய்ஸ் கேம்’, இல்லையென்றால் ‘நன் ஆஃப் த பாய்ஸ் கேம்’. நேற்று கிரிக்கெட் மேட்ச் இருந்ததால் என் மாடிக்கு 14 பையன்களில் 5 பேர்தான் வந்தார்கள். இன்று அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். முதலில் ‘நாட் ஆல்’ என்று எழுதி நோட்டை நீட்டியவன், நேற்று வராதவன்.