புரட்டாசியில் தொடங்க வேண்டிய வேலை: ஆற்றங்கரைத் தெருவின் வெள்ளத் தயாரிப்பு

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுவதும் நான்தான். ஐப்பசி அடைமழைக்கு முன்பு, புரட்டாசியிலேயே எங்கள் தெருவில் சில வேலைகளை முடித்துவிடுகிறோம். ஆற்றோரத்திலும் குளத்தடியிலும் இருக்கிற மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும் என்று அவற்றை எழுதுகிறேன்.

பெயர் வைத்த புயல் வந்தால்தான் பதறுவது என்கிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். 2017-இல் ஒக்கி, 2018-இல் கஜா என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தபோது நாமெல்லாம் டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் பக்கம் கொட்டிய மழைக்குப் பெயரே கிடையாது. குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். மறுநாள் காலைக்குள் திருச்செந்தூரில் 69 செ.மீ., காயல்பட்டினத்தில் 95 செ.மீ. ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகமான மழை ஒரே நாளில் விழுந்தது.

அன்று ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப்போனதால் நூற்றுக்கணக்கான பயணிகள் 19-ஆம் தேதி வரை அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர் ஜனங்கள் சமைத்துக் கொடுத்த சோறுதான் அவர்கள் பசியாற்றியது. நாடே பார்த்துக்கொண்டிருந்த ரயிலுக்கே இவ்வளவு நேரம் ஆனது என்றால், நம் தெருவுக்கு ஆள் வர எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் என் கணக்கு எப்போதும் மூன்று நாள். மூன்று நாளைக்கு வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, தெரு மொத்தத்துக்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும்

“பாபநாசம் அணையில் எத்தனை அடி இருக்கிறது?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் நம் ஊர்களில் அதிகம். பாபநாசம் அணையின் முழு அளவு 143 அடி, மணிமுத்தாறு அணையின் முழு அளவு 118 அடி. இவை நிரம்பும் நிலையில் இருந்தால் கவனமாக இருக்க வேண்டியதுதான். ஆனால் தருவை பக்கம் சேர்கிற பச்சையாறும், சீவலப்பேரியில் சேர்கிற சிற்றாறும் பாபநாசம் அணைக் கணக்கில் வராது. உள்ளூரில் பெய்கிற மழையும் வராது. மழைத் தண்ணீர் காட்டு ஓடைகளில் இறங்கி, வடகால், தென்கால் என்கிற ஆற்று வாய்க்கால்களின் குளங்களை நிரப்பி, கரையை உடைத்துக்கொண்டு பின்பக்கமாகவும் தெருவுக்குள் வரலாம். ஆறு ஒரு பக்கம் என்றால் குளம் மறுபக்கம்.

எனவே உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் இளவட்டப் பிள்ளைகள் சிலரையும் கூட்டிக்கொண்டு ஒரு மாலை நடந்து வாருங்கள். எந்தக் குளம் நிரம்பினால் மறுகால் எந்த வழியாகப் பாயும், அந்த வழியில் இப்போது வீடு இருக்கிறதா, குப்பை கிடக்கிறதா என்று பாருங்கள். மடையடியில் கசிவு இருக்கிறதா, கரையில் எலி வளை தெரிகிறதா, அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மறுகாலை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் போட்டோ எடுத்து, பஞ்சாயத்துக்கும் நீர்வளத்துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். புரட்டாசியில் கொடுத்தால்தான் ஜேசிபி வர நேரம் இருக்கும். அந்த நடையிலேயே ஊரில் மேடான இடம் எது என்றும் பார்த்துவிட வேண்டும். மாடியுள்ள பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், சர்ச், பள்ளிவாசல் என்று எது உயரமோ அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, இரண்டாவது சாவி ஒன்றைத் தெருவில் ஒருவரிடம் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள். நடுராத்திரியில் சாவி தேடுகிற நிலை யாருக்கும் வரக்கூடாது.

வானிலைச் செய்தியில் சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்று பொருள். தூத்துக்குடி துறைமுகத்தில் ஏற்றுகிற கூண்டு கப்பல்களுக்கும் காற்றுக்குமானது. கூண்டு ஏற்றவில்லை என்பதால் மழை வராது என்று இருந்துவிடாதீர்கள். அரசின் டிஎன்-அலர்ட் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளலாம். டவர் விழுந்துவிட்டால் அதுவும் இல்லை. அப்போது பேட்டரியில் ஓடுகிற சின்ன ரேடியோவும் திருநெல்வேலி வானொலியும்தான்.

தெரு நோட்டு

நான் மிகவும் நம்புவது இந்த நோட்டை. நாற்பது பக்க நோட்டு போதும். வீட்டுக்கு ஒரு பக்கம். அந்த வீட்டில் எத்தனை பேர், தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியவர் யார், கர்ப்பிணி இருந்தால் எந்தத் தேதி சொல்லியிருக்கிறார்கள், கைக்குழந்தை உண்டா, சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் யார், டயாலிசிஸ் போகிறவர் உண்டா, ஆடு மாடு எத்தனை, சுவர் மண்ணா சிமெண்டா. எல்லாவற்றையும் எழுதுங்கள். தனியாக இருக்கிற ஆச்சிகளின் பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். அவர்களுடைய நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தூக்க வேண்டிய ஒவ்வொருவருக்கும் நேரே இரண்டு பெயரை எழுத வேண்டும். “யாராவது தூக்கிடுவாங்க” என்று விட்டால் யாரும் வரமாட்டார்கள், எல்லாரும் அவரவர் வீட்டைத்தான் பார்ப்பார்கள். எதிர்வீட்டு ஆச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்குவதை எங்கள் பிள்ளைகள் மழைக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். ஆச்சிக்கும் பயம் போனது. இந்த ஒத்திகையை உங்கள் தெருவிலும் கட்டாயம் செய்யுங்கள்.

பிரசவத் தேதி நெருங்கியவர்களும் டயாலிசிஸ்காரர்களும் சிவப்பு எச்சரிக்கை வந்ததுமே ஊரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே போய்விடலாம். ரோடு இருக்கும்போது அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகிற தூரம், பாலம் போய்விட்டால் எட்டாத தூரம்.

நீச்சல் தெரிந்தவர்கள் யார், டிராக்டர் யாரிடம், ஜெனரேட்டர் யாரிடம், லாரி டியூப் எந்தப் பஞ்சர் கடையில் என்பதெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில். 2023-இல் கடலோரத்து மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து எத்தனையோ உயிர்களை மீட்டார்கள். பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றுடன் இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. நல்ல தடிமனான நைலான் கயிறு இரண்டு சுருள் பொதுச் செலவில் வாங்குங்கள். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநில அறை, 108 ஆம்புலன்ஸ், மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. இவற்றை நோட்டிலும் எழுதி, ஒவ்வொரு வீட்டுக் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். போன் அணைந்தால் அதிலிருக்கிற நம்பரும் போய்விடும்.

அடுப்பு இல்லாத மூன்று நாள்

கடைக்காரி என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மழை எச்சரிக்கை வந்ததும் ஜனங்கள் அரிசியும் பருப்பும் மூட்டையாக வாங்குகிறார்கள். வெள்ளத்தில் அரிசியை என்ன செய்வது? அடுப்பு நனைந்திருக்கும். சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும், அதனால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை உயரத்தில் வைத்துக் கட்டிவிட வேண்டும். சமைக்காமல் தின்னக்கூடியதுதான் முதலில் வேண்டும். ஒரு ஆளுக்கு மூன்று நாளைக்கு அவல் அரை கிலோ, பொட்டுக்கடலை கால் கிலோ, கருப்பட்டி கால் கிலோ. அவலைத் தண்ணீரில் நனைத்துக் கருப்பட்டியைச் சீவிப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாடு. உடன்குடிக் கருப்பட்டி கெடாது, பிள்ளைகளும் சாப்பிடும். இதோடு வறுத்த சத்துமாவு, பிஸ்கட், பேரீச்சம்பழம், உப்பு, ஓஆர்எஸ் பொட்டலம். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டி வேண்டாம், ஆனால் சாப்பிடாமல் சர்க்கரை இறங்கிவிட்டால் உதவ ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும். எல்லாவற்றையும் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மாடியிலோ பரணிலோ வைத்துவிடுங்கள். தீப்பெட்டி தனிக் கவரில்.

குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது வேண்டும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மூன்று குடம் நிறைய, மூடி போட்டு, உயரத்தில். கரண்ட் போவதற்கு முன்பே மாடித் தொட்டியையும் நிரப்பிவிடுங்கள். நிரம்பிய தொட்டி காற்றுக்கும் பறக்காது.

சில்லறை மாற்றி வையுங்கள். டவர் இல்லாத நாளில் ஜிபே ஓடாது, ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு எந்தக் கடையிலும் மீதி இருக்காது. பத்து, இருபது, ஐம்பதாக ஆயிரம் ரூபாய் இருந்தால் போதும். காலியான அரிசிச் சாக்கு, சீனிச் சாக்கு எல்லாவற்றையும் வருஷம் முழுக்க நான் சேர்த்துவைக்கிறேன். மணல் மூட்டைக்கு அவைதான். சாக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் மணல் போடுங்கள். நிறைய அடைத்தால் உருண்டுவிடும், ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது.

மற்ற வீட்டு வேலைகள்

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், நகை அடகுச் சீட்டு, பீடி சுற்றுகிற பெண்களின் தொழிலாளர் அட்டை எல்லாம் ஒரே கவரில், அந்தக் கவர் மூடியுள்ள வாளிக்குள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அதே சொந்தக்காரரிடம்தான் வெள்ள நேரத்தில் குடும்பம் முழுவதும் தகவல் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் சிக்னல் கிடைத்தால் அவருக்கு ஒரு மெசேஜ், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார்.

மாத்திரை இரண்டு வாரத்துக்கு. இன்சுலினை, பிரிட்ஜ் ஓடாதபோது, தண்ணீர் புகாத கவரில் போட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். நாப்கின் எடுத்துவைக்க மறக்காதீர்கள். மாடியில் மறைவாக ஒரு மூலையும், மூடியுள்ள வாளியும், கொஞ்சம் சுண்ணாம்பும் இல்லாவிட்டால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே கிடப்பார்கள். இதை வெட்கப்படாமல் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்யுங்கள்.

வாழை போட்டிருப்பவர்கள் முட்டுக் கொடுத்து, இலையைக் கழித்துவிடுங்கள். வீட்டோர முருங்கைக் கிளையை வெட்டிவிடுங்கள், அது சட்டென்று முறியும்.

அந்த ராத்திரி

தண்ணீர் வாசற்படிக்கு வரும் முன்பே மெயினை இறக்குங்கள். தண்ணீருக்குள் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவே கூடாது. ஆடு மாடுகளைக் கட்டிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். கயிறு இல்லாத மாடு மேட்டைத் தேடிப் போய்விடும், கட்டிய மாடு நின்ற இடத்திலேயே செத்துவிடும். பாத்திரம் பண்டத்துக்காகத் திரும்ப உள்ளே போகாதீர்கள். ஓடுகிற தண்ணீர் முழங்காலளவு இருந்தாலே ஆளை இழுத்துவிடும். தரைப்பாலத்தைத் தாண்ட பைக்கில் போகிறேன் என்று யார் சொன்னாலும் சாவியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். கோயில் மைக்கிலோ சர்ச் மணியிலோ என்ன சத்தம் கேட்டால் கிளம்ப வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருப்போம். சத்தம் கேட்டதும் மேட்டுக்கு வந்து சேர வேண்டியது, நோட்டை வைத்திருப்பவர் பெயர் கூப்பிட வேண்டியது.

வடிந்த பிறகு

உள்ளே போகும்போது கையில் கம்பு, காலில் செருப்பு. அலமாரி, சாக்கு, செருப்பு அடுக்கு எங்கும் பாம்பு ஏறியிருக்கும். சேற்றைக் கழுவும் முன்பு வீட்டையும் இழந்த சாமான்களையும் போட்டோ எடுங்கள். செத்த கால்நடையைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் காட்டிப் பதிவு செய்யுங்கள். 2023-இல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை மூலம்தான் வந்தது, அதனால் கார்டு பத்திரம்.

தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்தே குடியுங்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கண்ணளவாகக் கொட்டாமல், சுகாதார ஆய்வாளரை அழைத்து அளந்து போடச் சொல்லுங்கள். வெள்ளச் சேற்றில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

மழை நின்று வெயில் அடித்த பிறகுதான் ஊறிய மண்சுவர்கள் விழுகின்றன. வெயிலைப் பார்த்ததும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். தெரு நோட்டில் மண்சுவர் வீடுகளுக்கு நாங்கள் சிவப்பு மையில் குறி போட்டிருக்கிறோம். சுவர் முழுக்கக் காய்ந்து, கொத்தனார் தட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்த வீட்டுக்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தில்தான் படுக்கை. அவர்களுக்கு ராத்திரிச் சோறு எந்தெந்த வீட்டிலிருந்து போக வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது.