டெல்லி மூடுபனியில் ரகசியச் சுற்றுலா கிளம்புவது எப்படி

என் கணவருக்கு 50 வயது முடிந்தபோது, அவரிடம் மூச்சுவிடாமல் அந்தமானுக்கு அழைத்துப்போக ஆசைப்பட்டேன். "சென்னையில் பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம்" என்று ஒரு பொய். ஜனவரி முதல் வாரம், டெல்லியிலிருந்து காலை 5.50 விமானம். சென்னையில் இறங்கி, வேறொரு கம்பெனி விமானத்தில் போர்ட் பிளேர். பதினேழு வருஷம் டெல்லியில் குளிர் காய்ந்தவள் போடுகிற கணக்கா இது? நீங்களாவது சரியாகப் போடுங்கள்.

முதல் விஷயம் நேரம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும் வரை, மூடுபனி நள்ளிரவுக்கு மேல் இறங்கி, விடியற்காலையில்தான் கெட்டியாகும். வெயில் ஏறி, பத்து பதினொரு மணிக்குத்தான் பெரும்பாலும் கலையும். அதனால் பகல் 12 மணிக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பாருங்கள். விடியற்காலை டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று நானும் சந்தோஷப்பட்டவள்தான்.

"இப்போதெல்லாம் மூடுபனியிலும் விமானம் இறங்குமே" என்பார்கள். இறங்கும். டெல்லியில் கேட்டகரி 3-பி என்கிற, பனியிலும் கருவி உதவியோடு இறங்கும் வசதி இருக்கிறது, ஓடுபாதையில் 50 மீட்டர் தெரிந்தாலே போதும். ஆனால் விமானத்திலும் அதற்கான கருவி வேண்டும், விமானிக்கும் அந்தப் பயிற்சி வேண்டும். இல்லாதவை ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திருப்பிவிடப்படும். மேலே எழும்புவதற்கோ 125 மீட்டர் தெரிய வேண்டும். அதாவது வருகிற விமானம் வந்துவிடும், உங்களுடையது நின்றுகொண்டே இருக்கும். பனி கலைந்த பிறகும் வரிசை நகர வேண்டும். அதற்குள் விமானிகளின் பணி நேரம் முடிந்துபோனால் வேறு ஆள் வர வேண்டும்.

முந்தைய நாளே ஓரளவு ஊகிக்கலாம். மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழை பெய்து ஓய்ந்து, தரை ஈரமாக, வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருந்தால் மறுநாள் காலை மூடுபனி என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கும் அப்படித்தான். இரவு பால்கனியில் நின்று நட்சத்திரங்கள் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, நல்ல சகுனம் என்று நினைத்தேன்! அதிகாலை மூன்றரைக்கு டாக்ஸி டிரைவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, சாலையின் வெள்ளைக் கோட்டைத் தேடித் தேடி ஓட்டினார். விமான நிலையத்துக்குப் போகிற வழியும் பனியில்தான் இருக்கிறது. மாமூலாக ஆகும் நேரத்தை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், உங்கள் விமானம் தாமதம் என்பதற்காகக் கவுன்டரும் தாமதமாக மூடும் என்று நம்ப வேண்டாம்.

இரண்டாவது, டிக்கெட். இரண்டு விமானம் மாற வேண்டுமென்றால் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில் எடுங்கள். முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று ஏற்பாடு விமானக் கம்பெனியின் தலைவலி. நான் தனித்தனியாக எடுத்ததால் இரண்டாவது கம்பெனிக்கு நாங்கள் வெறும் "வராத பயணிகள்", பணம் போயே போச்சு. இதைவிட நல்லது, முந்தைய நாள் மதியமே சென்னை போய் ஒரு ராத்திரி தங்குவது. போய்ச் சேரும் நாள் இரவுக்கு, ரத்து செய்தால் பணம் திரும்பாத அறையைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். வானிலையால் ஏற்படும் தாமதத்துக்கு நஷ்டஈடு கிடையாது. விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றாலும் அப்படியே. குறிப்பிட்ட நேரம் தாண்டினால் சாப்பாடு தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், எங்களுக்கு ஒரு சாண்ட்விச்சும் பழச்சாறும் வந்தன. ரயிலில் போவதானால், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும்போது பயணத்தைக் கைவிட்டு, ரயில் கிளம்புவதற்குள் டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) பதிவு செய்தால் முழுப் பணமும் திரும்பும்.

இப்போது பொய்யைப் பற்றி. தாமதத்தையும் தாங்குகிற பொய்யாக இருக்க வேண்டும். ஏழு மணிக்கு என் கணவர், பொறுப்பான மாப்பிள்ளையாக, பெரியப்பா மகனுக்குப் போன் போட்டார். "தம்பி, முகூர்த்தத்துக்கு வர முடியாது போலிருக்கு, பெரியவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு." எதிர்முனையில், "என்ன முகூர்த்தம் அத்தான்? அப்பாவுக்கு 76தானே ஆகுது?" அவர் போனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஆகவே பொய்யில் யார் பெயர் வருகிறதோ, அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டு மணி நேரம் தாண்டியதும் நீங்களே உண்மையை உடைத்துவிடுங்கள். ஒருவர் கவுன்டர் வரிசையில் நிற்க, மற்றவர் போனில் மாற்று டிக்கெட் தேட, இரண்டு பேரும் தேவைப்படும். உண்மை தெரிந்த பத்தாவது நிமிடம், சென்னையிலிருந்து மறுநாள் காலை போர்ட் பிளேர் விமானத்தில் இரண்டு இருக்கை பிடித்தது அவர்தான்.

கடைசியாக, கைப்பையில் ஒரு செட் பருத்தி உடை. டெல்லியில் 6 டிகிரி, சென்னையில் இறங்கும்போது வியர்க்கும். எங்கள் பெரிய பெட்டி மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அன்று ராத்திரி அவர் பெரியப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, நடக்காத கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையாக அவர்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தார்.