போதிகையில் தொடங்குங்கள்: மாணவர் தொகுக்கும் படங்கள் வழியே கலை வரலாறு

தஞ்சைப் பெரிய கோயில் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் '1010, ராஜராஜன், விமானம்' என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே வளாகத்தில் உள்ள சுப்பிரமணியர் சன்னதியைக் காட்டிக் கேட்டாலும் ராஜராஜன் என்றே பதில் வரும். அது நாயக்கர் காலத்தது. கண்ணைப் பழக்காமல் ஆண்டை மட்டும் கொடுப்பதால் வரும் பிழை இது. பிள்ளைகளே படம் எடுத்து, கழித்து, அடுக்கினால் கண் பழகும்.

முதலில் ஒரே ஒரு உறுப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். 'கோயில் கலை' என்று பொதுவாகச் சொன்னால் கோபுரப் படங்கள்தான் குவியும். தொடக்கத்துக்குப் போதிகை நல்லது. தூணின் உச்சியில் இருபுறமும் கை நீட்டி உத்தரத்தைத் தாங்கும் கல் அது. அலை அலையாகச் சுருண்டிருந்தால் தரங்கப் போதிகை. பல்லவர், முற்காலச் சோழர் கோயில்களில் பார்க்கலாம். சாய்வாக வெட்டி, நடுவில் நாக்குப் போல ஒரு துண்டு துருத்தினால் வெட்டுப் போதிகை. சோழர் காலத்தில் பரவலானது. தாமரை மொட்டு தலைகீழாகத் தொங்கினால் பூமொட்டுப் போதிகை. விஜயநகர, நாயக்கர் காலத்தது. இந்த மூன்று வடிவங்களையும் கரும்பலகையில் வரையுங்கள். காலத்தை இப்போது சொல்ல வேண்டாம்.

அடுத்து, ஐந்து பேருக்கு ஒரு குழு. பெரிய கோயில் ஒன்று, சொந்த ஊர்க் கோயில் ஒன்று. கோயில் நிர்வாக அதிகாரியிடம் ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள். கருவறைப் பக்கம் கேமரா போகவே கூடாது. குழுவுக்கு நான்கு போதிகைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று படங்கள்: முழுச் சுவர், தூண், போதிகை மட்டும். முழுச் சுவர்ப் படம் இல்லாவிட்டால் வகுப்புக்கு வந்தபின் எது எந்தச் சுவர் என்று யாருக்கும் தெரியாது.

வெளிச்சத்தில்தான் பலரும் தவறுவார்கள். காவிரி டெல்டாவில் ஜூன், ஜூலையில் வெயில் வடக்குச் சுவரில் விழும்; டிசம்பர், ஜனவரியில் தெற்குச் சுவரில். காலை எட்டு மணிக்குள் போனால் சாய்வெயிலில் செதுக்கல் துலங்கும். உச்சிவெயிலில் மேலேயுள்ள கபோதத்தின் (சுவருக்கு வெளியே வளைந்து நீளும் கல் கூரை விளிம்பு) நிழல் போதிகையை மூடிவிடும். ஃபிளாஷ் போட்டால் கல் தட்டையாகத் தெரியும்.

படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி நுணுக்கம் போய்விடும். கோப்பின் பெயர் 'ஊர்-பகுதி-திசை-எண்'.

இனிதான் முக்கியமான வேலை. குழுவின் 12 படங்களில் நான்கு மட்டும் மிஞ்ச வேண்டும். கழிக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் எழுதட்டும். 'மங்கல்' என்பது காரணமாகாது. 'நாக்கு உடைந்திருப்பதால் வடிவம் தெரியவில்லை' என்பது காரணம். மிஞ்சிய படங்களுக்குக் குறிப்பு மூன்று வரி: கண்ணில் தெரிவது, ஊகிக்கும் காலம், ஏன். கல்வெட்டையோ தகவல் பலகையையோ பார்த்துச் சரிபார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

ஊர்க் கோயில்களில் சிக்கல் வரும். விமானம் சோழர் காலம், முன்மண்டபம் நாயக்கர் காலம் என்று ஒட்டியே நிற்கும். திருப்பணியில் கல்லை மாற்றியிருக்கலாம். சுண்ணாம்பும் பெயின்டும் ஏறி விளிம்பு மழுங்கியிருக்கலாம். இன்றைய ஸ்தபதிகளும் பூமொட்டு செதுக்குகிறார்கள். அதனால் போதிகையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத விடாதீர்கள். கல்லின் நிறம், இணைப்பு, பக்கத்துத் தூண் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குழப்பமான படத்தைத் தூக்கி எறிய வேண்டாம். 'முடிவாகவில்லை' என்று தனி உறையில் போட்டு, அடுத்த வகுப்பில் அதையே முதலில் எடுங்கள்.