ஓதுன் பேராலயத்தில் முதலில் சபை அறைக்குப் போங்கள்

பிரான்சின் ஓதுன் நகரிலுள்ள சேன் லசார் பேராலயத்துக்குப் போகிறவர்கள் நடுக்கூடத்தில் போதிகைகளை, அதாவது தூண்களின் உச்சியிலுள்ள சிற்பக் கற்களை, பார்க்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க வேண்டாம். நேராக, குருமார்கள் கூடும் சபை அறைக்குப் போய்விடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் தூண்களைப் பலப்படுத்தியபோது கழற்றிய 12ஆம் நூற்றாண்டு போதிகைகள் சில அங்கே கண் மட்டத்தில் இருக்கின்றன. அவை இருந்த இடத்தில் இப்போது நிற்பவை நகல்கள். குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகள் ஒரே போர்வைக்குள் தூங்கும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். தேவதூதரின் விரல் ஒருவர் கையைத் தொடுகிறது, அவர் கண் மட்டும் திறந்திருக்கிறது! இவ்வளவு நுணுக்கம் கீழிருந்து பார்த்தால் பிடிபடாது. நின்று நிதானமாகப் பாருங்கள், அவ்வளவு அழகு. அப்புறம் நடுக்கூடத்துக்கு வந்தால் உயரத்தில் உள்ளவற்றையும் சட்டென்று அடையாளம் காணலாம்.

அறை திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பிரான்சிலேயே உள்ள வெசலே தேவாலயத்தில் இந்த வழி உதவாது. அங்கே பெரும்பாலான போதிகைகள் தூண்களின் மேலேயே இருக்கின்றன, அதனால் சிறிய பைனாகுலர் ஒன்று கட்டாயம் வேண்டும். அதே நாட்டின் மொய்சாக் மடத்து முற்றத்தில் எதுவுமே தேவையில்லை. 1100இல் கட்டிய அந்தத் தூண்கள் குட்டையானவை. ஒவ்வொரு போதிகையையும் சுற்றி வந்து நான்கு பக்கமும் பாருங்கள், கதை அடுத்த பக்கத்தில் தொடரும்.