நோயியலுக்கு மாணவர்களை அழைக்கப் போய் விரட்டிவிடுவது எப்படி

கொழும்பில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளிடம் பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் சேர்ஜரி, மெடிசின், குழந்தை வைத்தியம் என்று பதில் வரும். நோயியல் (பதொலொஜி), அதாவது உடலிலிருந்து எடுத்த இழையத்தையும் கலங்களையும் ஆராய்ந்து நோயைக் கண்டறியும் துறை, என்று சொல்பவர் அபூர்வம். அதற்கு நாங்கள் அந்தத் துறையைக் காட்டும் விதமும் காரணம்.

மோசமான தவறு, நோயியலைப் போத்தலுக்குள் மட்டும் வைத்துக் காட்டுவது. ஃபோமலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் கிடக்கும் ஈரலைப் பார்த்து நாலு குறிப்பை மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். போத்தல்கள் இருக்கட்டும். ஆனால் ஒரு நோயியல் நிபுணர் முடிவெடுப்பதை மாணவர் ஒருதரமாவது பார்க்க வேண்டும். ஃப்ரோசன் செக்‌ஷன் அதற்கு நல்ல சந்தர்ப்பம். நோயாளி தியேட்டரில் மயக்கத்தில் இருக்கிறார். வெட்டியெடுத்த துண்டு லாபுக்கு வருகிறது. அதை மைனஸ் 20 பாகையளவில் உறையவைத்து, மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, ஏறத்தாழ 20 நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். வெட்டியெடுத்த துண்டின் விளிம்பில் புற்றுநோய் இருக்கிறதா? பதிலைக் கேட்டுத்தான் சேர்ஜன் இன்னும் வெட்டுவதா, தைத்து மூடுவதா என்று தீர்மானிப்பார். சிலவேளை “இதை வைத்துச் சொல்ல முடியாது, வழமையான ஸ்லைட் வரும்வரை பொறுங்கள்” என்பதும் பதில்தான். அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். பக்கத்தில் நின்று இதைப் பார்த்த பிள்ளை பிறகு “சும்மா லாப் வேலை” என்று சொல்லாது.

அடுத்தது, சொகுசைக் காட்டி ஆள் பிடிப்பது. “நைட் டியூட்டி குறைவு, நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.” பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால், வேறெதுவும் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் போல ஆகிவிடும். அதிலும் “பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஏற்றது” என்று யாராவது சேர்த்துச் சொன்னால், கெட்டிக்காரி ஒருத்தி அந்த இடத்திலேயே மனம் மாறிவிடுவாள்.

“நோயாளியைப் பார்க்கத் தேவையில்லை” என்ற பேச்சும் சரியில்லை. தைரொயிட் கட்டியில் ஊசி குத்திக் கலங்களை எடுக்கும்போது பயந்துபோயிருக்கும் ஒருவரோடு பேசியாக வேண்டும். நோயியலின் ஒரு கிளையான குருதியியலில், நிபுணர் தலசீமியா, லியூக்கீமியா போன்ற இரத்த நோயாளிகளை கிளினிக்கிலேயே பார்க்கிறார்.

நோயியலைப் பிரேத அறையோடு சேர்த்துப் பயப்படுபவர்களும் உண்டு. சந்தேக மரணங்களைப் பார்ப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. நோயியல் மேசைக்கு வருவது பெரும்பாலும் உயிரோடிருப்பவர்களின் இழையம். ஒரு நிமிடத்தில் தீர்க்கக்கூடிய குழப்பம், யாரும் தீர்ப்பதில்லை.

காலம் தவறுவதும் பெரிய விஷயம். நோயியல் பாடம் இறுதி வருடத்துக்கு முன்பே முடிந்துவிடும். பிறகு வார்ட், பிறகு ஒரு வருட இன்டர்ன்ஷிப். ஆறு ஆறு மாதமாக இரண்டு துறைகள், அதில் நோயியல் இல்லை. பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் போய்க் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இறுதி வருட வார்ட்டிலிருந்தே ஒரு பயொப்சியின் (பரிசோதனைக்கு எடுத்த இழையத் துண்டின்) பின்னால் மாணவரை லாப் வரை அனுப்ப வேண்டும்.

அப்புறம், வீட்டை மறந்துவிடுகிறோம். வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டில் “அப்ப தம்பி வருத்தக்காரரைப் பார்க்கிறேல்லையா?” என்று ஒரு மாமி கேட்டால், நோயியலைத் தெரிவுசெய்தவனிடம் பதில் இருக்க வேண்டும். மார்பிலுள்ள கட்டி புற்றுநோயா, ஹோர்மோன் மருந்து வேலை செய்யுமா, ஹேர்2 என்ற புரதத்தைத் தாக்கும் மருந்து தேவையா என்று சொல்வது யார் என்பதை அம்மா அப்பாவுக்கு விளங்கும் தமிழில் சொல்லப் பழக்கிவிடுங்கள்.

வருமானத்தைக் கேட்டால் மழுப்பக்கூடாது. நிபுணர்கள் தனியாக நோயாளிகளைப் பார்க்கும் சனல் சென்டரில் கூட்டம் நிற்காது. தனியார் லாபுகளில் ரிப்போர்ட் பார்க்கும் வேலை உண்டு. அது பெயர்பெற்ற சேர்ஜன் உழைக்கும் அளவுக்கு வராது என்று நேரே சொல்லலாம். மிச்சத்தை, நோயியலில் பயிற்சியிலிருக்கும் ஒரு வைத்தியரிடம் (ரெஜிஸ்ட்ரார்) கேட்கவிடுங்கள். அந்த நேரம் பேராசிரியர் அறையில் இல்லாமலிருப்பது நல்லது.