மண்டகப்படி போட்டுக் கதை எழுதலாம்

முதல் கதை எழுதப் போகிறவர்கள் கேட்பது இதுதான்: "எல்லாத்தையும் யோசிச்சு வச்சுட்டு எழுதணுமா, எழுதிக்கிட்டே போகலாமா?"

மதுரைக்காரர்களுக்குச் சித்திரைத் திருவிழாவைக் காட்டுவேன். அழகர் ஆற்றில் இறங்க வரும் வழி அது; அழகர்கோவிலிலிருந்து வைகைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று வழி தெரியும். அழகர் வழியில் நின்று பூஜை ஏற்கும் இடங்களான மண்டகப்படிகளும் முன்பே முடிவானவை. ஆனால் எந்த மண்டகப்படியில் யார் கண் கலங்குவார் என்று யாருக்கும் தெரியாது. கதைக்கும் அவ்வளவு திட்டம் போதும் என்பது என் கட்சி.

முதலில் திட்டமே வேண்டாம். ஒரே ஒரு காட்சியை எழுதுங்கள். ஒரு ஆள், ஓர் இடம், அந்த ஆளுக்கு ஒரு தேவை. உதாரணத்துக்கு, காய்ச்சலில் படுத்த அம்மாவுக்குப் பதிலாக மாசி வீதி ஓரத்தில் பூ விற்க உட்காரும் 13 வயதுப் பெண். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை மல்லிகைச் சரத்தை அளந்து நறுக்குகிறாள். வாடிக்கையாக வாங்கும் அக்கா சொல்கிறார்: "என்ன பாப்பா, உங்கம்மா முழம் போட்டா தாராளமா இருக்கும். உன் முழம் குட்டையா இருக்கே." அவள் ஏமாற்றவில்லை. கை இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே நிறுத்தி "அதனால?" என்று கேளுங்கள். "அப்புறம்?" என்று கேட்டால் சம்பவங்கள்தான் வரிசையாக வரும். "அதனால?" என்று கேட்டால் கதை நகரும். அதனால் அவள் நாலு விரல் கூட்டி அளக்கிறாள். அதனால் சரம் சீக்கிரம் தீர்கிறது. அதனால் சாயங்காலம் தண்டல்காரர் வரும்போது காசு குறைகிறது.

காரணம் மாறினால் கதையே மாறிவிடும். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்த அழகர், அது முடிந்துபோனது தெரிந்து கோபித்துத் திரும்பினார் என்பது ஊர்க்கதை. மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க வந்தார் என்பது கோவில் சொல்லும் கதை. இறங்குவது என்னவோ அதே ஆறுதான்.

அடுத்து ஒரு தாளில் நாலைந்து மண்டகப்படிகளை எழுதுங்கள். ஒன்றுக்கு ஒரு வரி போதும். குட்டை முழம், கூட்டிய நாலு விரல், குறைந்த காசு, தண்டல்காரர், அம்மாவின் கேள்வி. வசனங்களை இப்போதே யோசிக்காதீர்கள். அவை எழுதும்போது வரட்டும்.

எழுதும்போது அந்தப் பெண் உங்கள் பேச்சைக் கேட்காமல் போகலாம். தண்டல்காரரிடம் கெஞ்சுவாள் என்று நினைத்திருப்பீர்கள். அவளோ அவர் கையை நீட்டச் சொல்லி, அதில் முழம் போட்டுக் காட்டுவாள். அவள் பக்கம் போங்கள். மிச்ச வரிகளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.

திட்டமே பிடிக்காதவர்கள் சிறுகதையைக் கடைசிவரை ஒரே மூச்சில் எழுதலாம். நாவல் என்றால் எந்த ஆற்றில் இறங்கப் போகிறோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் மாதக்கணக்காக நின்றுவிடும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்தில் ஒரு வரி குறியுங்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே "அதனால" பொருந்தாவிட்டால், முதலில் அந்த இடத்தைத் திருத்துங்கள்.